பழி இல்லாத இடத்தில்

நவம்பர் 23 அரியலூரின் வரலாற்றில் இரண்டு முறை வருகிறது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து, இரண்டாம் முறையாக அது தனி மாவட்டமானது 2007-ஆம் ஆண்டு அந்த நாளில். அதற்குச் சரியாக 51 ஆண்டுகளுக்கு முன், 1956-ல், அதே தேதியின் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் விழுந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகிப் பாலம் பலமிழந்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் சரிந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நாடு அந்த விபத்தை நினைவில் வைத்திருப்பது இறந்தவர்களை முன்னிட்டு அல்ல. அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்பதற்காக. பெரிய ரயில் விபத்து எது நடந்தாலும் அரியலூரின் பெயர் தலையங்கங்களில் எழும். இப்போதைய அமைச்சர் விலகுவாரா என்ற கேள்வியோடு இரண்டு நாளில் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் அது வேறு விதமாகவும் ஒலித்தது. துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரும் ஊரின் பெயரும் மோனை சேர்ந்து, அடுத்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க.வின் முழக்கமாயின. ஒரு பெருந்துயரம் ஒழுக்கப் பாடமாகவும் தேர்தல் முழக்கமாகவும் மாறிய பிறகு, அந்த விலகலுக்குள் இருந்த நுட்பமான விஷயத்தை யாரும் அதிகம் பேசவில்லை.

அரியலூர் விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகர் அருகே ரயில் பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி விலக முன்வந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். ஏற்றபோது அவர் நாடாளுமன்றத்தில் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. நடந்ததற்குச் சாஸ்திரி காரணம் என்பதால் இதை ஏற்கவில்லை, அரசியல் சாசன ஒழுங்குக்கு இது முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றே ஏற்கிறேன் என்ற பொருளில் பேசினார். குற்றமற்றவர் என்று பிரதமரே சொன்ன ஒருவர் பதவியை விட்டு இறங்கினார். அவர் மேல் பழி இல்லை. இருந்தும் பொறுப்பு இருந்தது.

பழி வேறு, பொறுப்பு வேறு என்று அன்று நாடு ஒரு கணம் பார்த்தது. ரயில்வே போன்ற பெரிய நிறுவனம் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் எப்படிக் கடமைப்பட்டிருக்கிறது என்று இன்று யோசிக்கிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டறிக்கையின் வண்ணப் பக்கங்களிலிருந்து தொடங்கினால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே முடியாது.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். மருதையாறு பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தின் வழியாக இறங்கி, அரியலூர் மண்ணைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலும் கருவேலமும்தான். ஐப்பசி கார்த்திகையில் சில நாள் மட்டும் அது ஆறாக இருக்கும். விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைக்கும் கார்டு லைன் 1920-களின் இறுதியில் இதற்குக் குறுக்கே போடப்பட்டது. பெரம்பலூர் நகருக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. ரயிலே வராத ஊர்ப்பக்கம் பெய்த மழை, ரயில் போகும் ஊரின் பாலத்தை வந்து முட்டியது. மலையில் மரம் நின்றால் மழை நின்று இறங்கும், மரம் போனால் மொத்தமாக இறங்கும். வழியில் இருக்கும் ஏரிக்கரைகள் உறுதியாக இருந்தால் வெள்ளம் தங்கி வரும், உடைந்தால் எல்லா ஏரித் தண்ணீரும் ஒரே நேரத்தில் வரும். இவற்றில் எதுவும் ரயில்வே வேலிக்குள் நடப்பதில்லை. விளைவு மட்டும் தண்டவாளத்தின் மேல் வந்து நிற்கும்.

ரயில்வேயின் நடைமுறையில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பாதைக்கு மேற்புறத்தில், உடைந்தால் தண்டவாளத்தை அடித்துப்போகக்கூடிய ஏரிகளுக்கும் அணைகளுக்கும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன் ரயில்வே பொறியாளரும் மாநில அரசின் நீர்ப்பாசனப் பொறியாளரும் சேர்ந்து போய் அந்தக் கரைகளைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பாலத்தூண்களில் அதிகபட்ச வெள்ளம் எதுவரை வந்தது, எந்த அளவைத் தாண்டினால் அபாயம் என்று கோடு போட்டிருக்கும். மழைக்காலத்தில் இரவு ரோந்து உண்டு. கையில் விளக்கு, விசில், தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிகள். இவற்றோடு, பாதையைப் பராமரிக்கும் தொழிலாளியான கேங்மேன் இருட்டில் நடந்து போவார். பகலில் கீமேன் தன் பகுதிக்குரிய கிலோமீட்டர்களைத் தினமும் நடந்து, தளர்ந்த கிளிப்பைத் தட்டி இறுக்குவார்.

இந்த நடையைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. சுற்றுச்சூழல் விருது இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் தன் வேலிக்கு வெளியே இருக்கும் ஏரியையும் தன் கணக்கில் எழுதிக்கொண்ட அந்தப் பட்டியல்தான், ஒரு ரயில்வே சமூகத்தோடு செய்துகொள்ளக்கூடிய உண்மையான ஒப்பந்தம். ‘ஏரி உடைந்தது எங்கள் தவறில்லை’ என்று நாளைக்குச் சொல்ல முடியும் என்பது தெரிந்தே, இன்றைக்கே போய் அந்தக் கரையைப் பார்ப்பது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைய ரயில்வேயின் பசுமைக் கணக்கைப் பார்க்கலாம். அதில் மெய்யான சாதனைகள் இருக்கின்றன. மறுப்பது நியாயமாகாது. 1925-ல் பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடியது, 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடியது. நூறாண்டு முடியும்போது நாட்டின் அகலப் பாதைகள் ஏறத்தாழ முழுமையாக மின்மயமாகிவிட்டன. நிலக்கரி எஞ்சின், டீசல், மின்சாரம் மூன்றையும் அரியலூர் பார்த்துவிட்டது. புதிய மின் எஞ்சின்கள் பிரேக் போடும்போது அந்த விசையையே மின்சாரமாக்கி மேல் கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. பெட்டிகளின் விளக்குக்கும் ஏசிக்கும் டீசல் ஜெனரேட்டர் இரைந்துகொண்டு வந்த ரயில்கள் பலவற்றில் இப்போது மேல் கம்பியின் மின்சாரமே அந்த வேலையைச் செய்கிறது. 2030-க்குள் நிகரக் கார்பன் உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று ரயில்வே அறிவித்திருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஒரே சுமையை லாரியில் கொண்டுபோவதைவிட ரயிலில் கொண்டுபோக ஆகும் எரிபொருள் மிகக் குறைவு என்பது இயற்பியல். அதற்கு விளம்பரம் தேவையில்லை.

ஆனால் அந்தக் கம்பியில் வரும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் அனல் மின் நிலையங்களிலிருந்துதான். எஞ்சினின் தலையிலிருந்து எழுந்த புகை, நம் கண்ணுக்கு எட்டாத ஊரின் புகைபோக்கிக்கு இடம் மாறியிருக்கிறது. அந்த மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோவதும் ரயில்தான். இந்திய ரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதி நிலக்கரி. தன் உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவேன் என்று சொல்லும் நிறுவனம், நாட்டின் உமிழ்வைச் சுமந்து பிழைக்கிறது.

இதைப் படித்ததும் ரயில்வேயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தோன்றும். ஏற்றினால் அந்தக் கூண்டில் நமக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ரயில்வே தன் பயணச்சீட்டிலேயே ஒரு வரியை அச்சிட்டது: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் கட்டணமாக வசூலிக்கிறோம் என்று. மீதியை யார் தருகிறார்கள்? பெருமளவு சரக்குக் கட்டணம் தருகிறது. சரக்கில் பெரும்பங்கு நிலக்கரி. அரியலூரில் ஏறி முன்பதிவில்லாத பெட்டியில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறவரின் மலிவான டிக்கெட்டுக்குப் பின்னால், எங்கோ ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ வெட்டிய நிலக்கரி இருக்கிறது. ஏழையின் பயணம் மலிவாக இருக்க வேண்டும் என்பது சமூகப் பொறுப்பு. நிலக்கரி குறைய வேண்டும் என்பது சுற்றுச்சூழல் பொறுப்பு. அறிக்கைகளில் இவை இரண்டும் அடுத்தடுத்த அத்தியாயங்களில் சுமுகமாக உட்கார்ந்திருக்கும். வரவு செலவுக் கணக்கில் ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளும். அந்த இழுபறியை ஒளிக்காமல் நம் முன் வைத்து, ‘நிலக்கரி போன பிறகு இந்தப் பயணியின் டிக்கெட்டை யார் சுமப்பது?’ என்று கேட்கிற அறிக்கையைத்தான் நான் நம்புவேன்.

இந்தப் பாதையைப் போட்டவர்களின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. தென்னிந்திய ரயில்வே லண்டனில் பதிவான கம்பெனி. அதன் முன்னோடியான ‘கிரேட் சதர்ன்’ கம்பெனிக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரர்களுக்கு 5 சதவீத வட்டி என்று அரசு உத்தரவாதம் தந்திருந்தது. வருமானம் குறைந்தால் இந்தியரின் வரிப்பணம் ஈடுகட்டும். பொறுப்பு முழுவதும் பணம் போட்டவரை நோக்கியே இருந்தது. சிலீப்பர் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் காடு கரைந்தது. சென்னை மாகாணத்தில் 1856-ல் காடுகளுக்குத் தனித் துறை ஏற்பட்டு ஹியூ கிளெகார்ன் தலைமை ஏற்றார். ரயில் பாதைகள் கேட்ட மரத்துக்கு எங்கே போவது என்பது அவர் தலைக்கு வந்த பெரிய கவலைகளில் ஒன்று. கடலோரத்துச் சவுக்குத் தோப்புகள் பல விறகுக்காக வளர்க்கப்பட்டவை. 1944-ல் அந்தக் கம்பெனி அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. உரிமையாளர் மாறியதும் கேள்வியும் மாறியிருக்க வேண்டும்: பங்குதாரருக்கு என்ன போய்ச்சேரும் என்பதிலிருந்து, தடம் போகும் ஊருக்கு என்ன மிஞ்சும் என்பதற்கு. அந்த மாற்றம் இன்னும் நடந்து முடியவில்லை.

அந்த மாற்றம் நடந்த இடம் ஒன்று உண்டு. மற்ற எதையும்விட அதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. ரயில் பெட்டியின் கழிவறை.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, கழிவறைத் துளை வழியே தண்டவாளம் தெரிந்தது. உட்கார்ந்தவருக்கு அது ஓடும் கல்லும் கட்டையும். நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். பயன்படுத்தினோம். வண்டி கிளம்பியது. அதன் பிறகு நடைமேடைக்குக் கீழே இறங்கித் துடைப்பமும் தண்ணீருமாக நின்றவர் யார் என்பது இந்தியாவில் கேட்கவே தேவையில்லாத கேள்வி. சாதி அந்த வேலைக்கு முன்கூட்டியே ஆள் குறித்து வைத்திருந்தது. இந்த அசுத்தத்தைப் பற்றி நிர்வாகமும் கவலைப்பட்டது. தண்டவாளம் துருப்பிடிக்கிறது, மாற்றும் செலவு கூடுகிறது என்பது அந்தக் கவலையின் ஒரு பகுதி. இரும்பு அரிக்கப்படுவதை அளக்கக் கருவி இருந்தது. மனிதர் அரிக்கப்படுவதை அளக்க யாரும் கருவி கேட்கவில்லை.

2013-ல் வந்த கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம், அந்தத் தொழிலாளி யார் என்று வரையறுக்கும்போது ரயில் தண்டவாளத்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அதே வரையறைக்குக் கீழே ஒரு விளக்கமும் சேர்ந்தது. மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளையும் பாதுகாப்பு உடைகளையும் பயன்படுத்திச் சுத்தம் செய்கிறவர் அந்த வரையறைக்குள் வர மாட்டார். கையுறை போட்டுவிட்டால் குற்றம் இல்லை. 2014 மார்ச்சில், கையால் மலம் அள்ளுவதை எதிர்க்கும் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்க ரயில்வே காலக்கெடுவோடு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்த இயக்கத்தின் பெசவாடா வில்சனும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராக அலைந்து சேர்த்த சாட்சியங்கள் அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருந்தன.

பிறகு பெட்டிக்குக் கீழே தொட்டி வந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய முறையில், தொட்டிக்குள் இருக்கும் பாக்டீரியா மலத்தைச் சிதைத்து நீரும் வாயுவுமாக்கும். 2016 ஜூலையில் மானாமதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையேயான 114 கிலோமீட்டர் பாதை, ரயிலிலிருந்து மலம் விழாத நாட்டின் முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஒரு மூலையில் தொடங்கிய அது சில ஆண்டுகளில் நாடெங்கும் பயணிகள் பெட்டிகளுக்குப் பரவியது. இன்று அரியலூர் நடைமேடையில் நின்று தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தால் ஜல்லிக்கல் ஜல்லிக்கல்லாகத் தெரிகிறது. இதைவிடப் பெரிய சமூகச் செயல் ஒன்றை இந்த நூற்றாண்டில் ரயில்வே செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதுவும் முடிந்த கதையல்ல. பிளாஸ்டிக் பாட்டிலையும் நாப்கினையும் நாம் உள்ளே போடுகிறோம். அடைத்துக்கொள்கிறது. இந்த அடைப்புப் புகார்களை 2017-லேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எடுத்துக் காட்டியது. அடைப்பை எடுப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்குச் சம்பளம் தருவது காண்டிராக்டர். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் ரயில்வேக்கு அதில் பழி இல்லை. பயணிக்கும் பழி இல்லை. பாட்டிலைப் போட்டவர் விருத்தாசலத்திலேயே இறங்கிப் போய்விட்டார்.

கையுறை விளக்கத்தையும் காண்டிராக்டர் ஏற்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சட்டமும் ஒப்பந்தமும் பெரும்பாலும் ‘யார் மேல் பழி வராது’ என்பதை வகுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. பழி எங்கே நிற்கிறது என்று கோடு கிழித்த உடனே, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் நிம்மதியாக நின்றுகொள்கிறோம்.

அரியலூரின் மண் இதே பாடத்தை வேறு மொழியில் சொல்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த நிலம் கடலடி. காரை என்ற ஊரின் செம்மண் ஓடைகளில், அழிந்துபோன கடலுயிரான அம்மோனைட்டின் சுருள்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அரியலூர்ப் பக்கம் அந்தக் கடலின் ஓடுகளும் கூடுகளும் படிந்து சுண்ணாம்புக்கல்லாயின. 1979-ல் தொடங்கிய அரசு ஆலை உட்பட மாவட்டத்தைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் நிற்பது அந்தக் கல்லுக்காகத்தான்.

சுண்ணாம்புக்கல் என்பது பழைய கடலுயிர்கள் பூட்டி வைத்த கார்பன். சூளையில் சுடும்போது அந்தப் பூட்டு திறக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போகும். சூளையைச் சூரிய ஒளியிலேயே சூடாக்கினாலும் இந்த 44 குறையாது. கல்லின் இயல்பு அது. ரயில்வேயும் இந்தக் கணக்கில் உண்டு. மரச் சிலீப்பர் கட்டைகளை விட்டு கான்கிரீட் சிலீப்பருக்கு மாறியது காடுகளைக் காப்பாற்றிய முடிவு. ஆனால் புதிய பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் சிலீப்பர்கள் கிடக்கின்றன. காட்டைக் காப்பாற்றக் கடலின் எச்சத்தைச் சுடுகிறோம். இதில் யாரைக் குற்றம் சொல்வது? மரத்தை விட்டவரையா, கல்லைச் சுட்டவரையா, பாலம் உறுதியாக வேண்டும் என்று 1956-க்குப் பிறகு கேட்ட நம்மையா?

சமூகப் பொறுப்பு என்றதும் சட்டம் காட்டுவது வேறொரு கணக்கு. 2013-ன் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, மருத்துவ முகாம் எல்லாம் அதில் வரும். வரட்டும், ஊருக்குத் தேவைதான். ஆனால் அந்தப் பிரிவு எந்த இடத்தில் பொறுப்பை வைக்கிறது என்று பாருங்கள். எல்லாம் முடிந்து, லாபம் எண்ணி, அதில் ஒரு துண்டாக. மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்பது அந்தக் கணக்குக்குள் வராது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஊர்ச் சாலையில் கிளப்பும் புழுதி வராது. லாரிக்குப் பயந்து பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தாயின் காலை நேரம் வராது. இந்திய ரயில்வே கம்பெனி அல்ல, அரசின் துறை. அதனால் இந்தப் பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது. அதன் கீழ் இயங்கும் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் ரயில்வேயின் சமூகப் பொறுப்பு இரண்டு சதவீதத்தில் இருந்திருக்கவே முடியாது. எந்தச் சுமை சாலையிலிருந்து தண்டவாளத்துக்கு மாறுகிறது, எந்தப் பயணி எவ்வளவு கொடுத்து ஏறுகிறார், பெட்டிக்குக் கீழே யார் குனிகிறார் என்ற அன்றாட முடிவுகளில்தான் அது முழுவதும் இருக்கிறது.

அடுத்து, எந்த அறிக்கையிலும் இடம்பெறாதவர்கள். நாமக்கல், துறையூர், பெரம்பலூர், அரியலூர் என்று ஒரு ரயில் பாதை வேண்டும் என்பது இப்பகுதியின் நீண்ட நாள் கோரிக்கை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்தின் தலைநகரிலிருந்து ரயிலேற வேண்டும் என்றால் பேருந்தில் அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். புதிய பாதை என்றதும் போட்ட பணத்துக்கு எவ்வளவு வருமானம் திரும்பும் என்ற விகிதம் பார்க்கப்படுகிறது. பொதுப்பணத்தைச் செலவிடுகிறவர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பயணி ரயிலில் போனால் மிஞ்சும் கார்பனை எண்ணுகிற அறிக்கை, ரயில் இல்லாததால் பேருந்திலும் லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவரின் புகையை யார் பெயரில் எழுதும்? ஏறியவர்களுக்கு ரயில்வே செய்தது கணக்கில் வரும். ஏறவே முடியாதவர்களுக்குச் செய்யாதது எந்தப் பக்கத்திலும் வராது. பெரம்பலூருக்கு ரயில் வராததற்கும் யார் மேலும் பழி இல்லை. கோப்பில் இருக்கும் ஒவ்வொரு குறிப்பும் அதனதன் அளவில் சரியாகவே இருக்கும்.

பழி தேடுவதையே பொறுப்பு என்று நம்பிய ஒரு ரயில்வேயின் கதை ஜப்பானில் இருக்கிறது. 2005 ஏப்ரல் 25-ல் அமகாசாகியில் ஜே.ஆர். வெஸ்ட் கம்பெனியின் ரயில் வளைவில் வேகமாகத் திரும்பித் தடம் புரண்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். வண்டி சுமார் ஒன்றரை நிமிடம் தாமதமாகியிருந்தது. தாமதித்த ஓட்டுநர்களை நாள்கணக்கில் உட்காரவைத்து அவமானப்படுத்தும் ‘பயிற்சி’ அந்தக் கம்பெனியில் வழக்கமாக இருந்தது. அந்தப் பயமும் சேர்ந்துதான் வளைவில் வேகம் கூட்டியது என்ற பேச்சு பெரிதாக எழுந்தது. ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தண்டித்த நிறுவனம், மொத்தத்துக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் நின்றது. பின்னர் அந்தக் கம்பெனி விபத்து நடந்த குடியிருப்பின் ஒரு பகுதியை அப்படியே வைத்து நினைவிடமாக்கி 2018-ல் திறந்தது. தன் மிக மோசமான நாளைத் தன் நிலத்திலேயே நிறுத்தி வைத்து, வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்ட அந்தச் செயலை, எந்தப் பசுமை அறிக்கையைவிடவும் மேலானதாக நினைக்கிறேன்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இது. நம் காலத்தின் பெரிய கேடுகள் எல்லாமே குற்றவாளி இல்லாத கேடுகள். புவி சூடேறுவதற்கு அரியலூரின் சூளை காரணமா? அது ஒரு துளி. நிலக்கரி ஏற்றிய ரயில் காரணமா? அது கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும்தான். மலிவு டிக்கெட் எடுத்த தொழிலாளியா? அவருக்கு வேறு வழியில்லை. ஒவ்வொருவரிடமும் தான் நிரபராதி என்பதற்கான சான்று இருக்கிறது. சான்றுகள் எல்லாமே உண்மை. இத்தனை உண்மையான சான்றுகளுக்கு நடுவில் மழை தவறுகிறது, அல்லது ஒரே இரவில் மொத்தமாகக் கொட்டுகிறது. பழியின் வழியாக இந்தக் கேட்டை நெருங்கவே முடியாது. நீதிமன்றமும் தணிக்கையும் தண்டனையும் ஒருவர் மற்றவருக்கு நேராகச் செய்த தீங்குக்காகப் பிறந்தவை. எல்லாரும் சேர்ந்து, யாரும் நினைக்காமல், இன்னும் பிறக்காதவர்களுக்குச் செய்யும் தீங்குக்கு அவற்றில் தனி அத்தியாயம் இல்லை.

சாஸ்திரியின் விலகல் ஒரு பாலத்தையும் கட்டவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் புகழ்ந்து, ராஜினாமாவையே பொறுப்பின் உச்சம் என்று எண்ணிவிட்டோம். விலகிப் போவது அதன் ஒரு வடிவம்தான். இன்னொரு வடிவம் விலகாமல் நின்று, தனக்குச் சொந்தமில்லாத ஏரிக்கரையைத் தன் பட்டியலில் எழுதிக்கொள்வது. அமைச்சர் செய்ததும் பட்டியல் எழுதிய பொறியாளர் செய்ததும் மழையிரவில் நடக்கும் கேங்மேன் செய்வதும் ஒரே செயல். ‘இது என்னால் வந்ததா?’ என்று கேட்காமல், ‘இது என் பாதையில் வருகிறதா?’ என்று கேட்கிறார்கள்.

ரயில்வேயிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான், நம்மிடம் ரயில்வே கேட்க வேண்டியதும் இதுதான். தேசத்தின் நிறுவனம் என்று பெயர் வைத்திருக்கிற ஒன்றுக்கு, தன் வேலி முடியும் இடத்தில் கடமை முடிவதில்லை. அதன் பயணிகளாகிய நமக்கு, இறங்கும் நிலையத்தோடு முடிவதில்லை. குற்றத்துக்குக் கணக்குத் தீர்த்துவிடலாம், அபராதம் கட்டிவிடலாம், காலம் போனால் மன்னிப்பும் கிடைத்துவிடும். பொறுப்புக்கு அப்படி ஒரு தீர்வு நாள் கிடையாது. தன் மேல் பழி இல்லை என்று நிரூபித்த பிறகும் எழுந்து வேலைக்குப் போகிறவர்களால்தான் ஒரு நாடு அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர்கிறது.